செவான் ஏரிக்குப் பை காக்கவா போனேன்?

என் உத்தியோகத்தின் பெயர் ஆபீஸ் பாய். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. தலையில் பாதிக்கு மேல் நரை, ஊரில் கல்யாணத்துக்கு நிற்கும் மகள். இருந்தாலும் காகிதத்தில் நான் பையன்தான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. டீ போடுவதும் ஃபைல் தூக்குவதும் வேலை. வேலை செய்து சாப்பிடுகிறவன் யாருக்குத் தலை குனிய வேண்டும்? என் பிரச்சினை வேறு. வேலை நேரம் முடிந்த பிறகும் ஒருவன் ஆபீஸ் பாயாகவே இருந்தாக வேண்டுமா என்பதுதான். ஆர்மேனியாவில் ஒரு ஏரிக்கரையில், ஆயிரம் வருஷம் தாண்டிய ஒரு மடாலயத்துப் படிக்கட்டில், அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அதனால் என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

துபாயில் கராமாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். ஒரு வருஷம் வியாபாரம் நன்றாகப் போக, எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, எல்லோரும் மூன்று நாள் ஆர்மேனியா போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அமீரக விசா இருந்தால் அந்த ஊருக்குப் போவது சுலபம். லீவு விட்டால் வளைகுடாவில் இருக்கிற குடும்பங்கள் அங்கேதான் கிளம்பும். மேனேஜர் எழுதிய பட்டியலில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அதை அர்பாப்பின் மேசையில் வைத்தவனே நான்தான். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லோரும் என்றால் இவனும்தானே என்று என்னைக் காட்டிக் கேட்டார். நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி வெளியே வந்துவிட்டேன். ஆனால் டீ போடுகிற பேன்ட்ரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பத்தொன்பது வருஷத்தில் நான் விமானம் ஏறி இறங்கியது மதுரையிலும் துபாயிலும் மட்டும்தான்.

ரூமில் ஏழு பேர் இருந்தோம். விஷயம் தெரிந்ததும் ஓட்டு ஓட்டென்று ஓட்டிவிட்டார்கள். துரை சுற்றுலா கிளம்பிவிட்டார், அங்கேயும் போய் டீதான் ஆற்றப் போகிறார் என்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிக் கோபப்பட்ட மனுஷன் பெட்டி கட்டும்போது என்ன செய்தேன் தெரியுமா? இரவல் வாங்கிய குளிர் ஜாக்கெட்டுக்கு அடியில் பெரிய பிளாஸ்க், டீத்தூள், பால் பவுடர், சர்க்கரை, ஏலக்காய், பேப்பர் கப் ஒரு கட்டு என்று அடுக்கி வைத்தேன். யாரும் எடுத்து வரச் சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன். அடப்பாவி, உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயே என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

முதல் நாள் காலை பஸ்ஸில் பிளாஸ்க்கைத் திறந்தேன். ஆகா, அண்ணன் டீ இங்கேயுமா என்று எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கும் மனசு குளிர்ந்து போனது. அவ்வளவுதான், அந்த நிமிஷமே சுற்றுலா முடிந்து டியூட்டி ஆரம்பித்துவிட்டது. கப் கொடுத்தவன் கப்பைப் பொறுக்க வேண்டும். பொறுக்குகிறவன் கோட்டைப் பிடிக்க வேண்டும். கோட்டைப் பிடிக்கிறவன் பையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் ஏதோ பழைய கோயில், நான் பார்த்தது அதன் டிக்கெட் கவுண்டர். இரண்டாம் நாள் மலைக்கு மலை ரோப் கார், நான் பார்த்தது அந்தக் கம்பியை.

எங்கள் மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சென்னைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அண்ணா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரில் கிளினிக்குக் கூட்டிப்போனவர். ஆனால் அவர் கண்ணுக்கு நான் நாற்காலி மாதிரி, இருந்த இடத்தில் இருப்பேன். என் விசா முடிய நான்கு மாதம் இருந்தது. புதுப்பிக்கிற பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். அதனால் முகத்தைச் சுளிக்கக்கூட எனக்குப் பயம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஹோட்டலிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். என்னவெல்லாம் பார்த்தேன் என்று என் மனைவி கேட்டாள். நான் விளம்பரத் தாளில் படித்ததை எடுத்துவிட்டேன். அவளிடம் என் புளுகு செல்லுபடியாகாது. உள்ளே எப்படி இருந்தது, தரை எப்படி, விளக்கு உண்டா என்று துருவினாள். நான் திணறினேன்.

"பத்தொம்பது வருசமா அடுத்தவுகளுக்குத்தான் ஓடியாடிக் கெடக்கீக. நாளைக்கு ஒரு நாளாவது உங்க கண்ணால எதையாச்சும் பாத்துட்டு வாங்க. இல்லைன்னா எனக்குப் போன் பண்ணாதீக" என்றாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள். செவான் ஏரி, அதன் கரையில் மடாலயம், அங்கிருந்து நேராக ஏர்போர்ட். அந்த மடாலயத்தை விட்டால் நான் ஆர்மேனியாவில் ஒன்றுமே பார்க்காதவன் ஆகிவிடுவேன். மூன்று நாளும் வீணாகிப்போகும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழிகாட்டிப் பெண் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். முன்பு அது தீவாக இருந்ததாம். ஏரியிலிருந்து தண்ணீரை அளவில்லாமல் எடுத்ததில் மட்டம் இறங்கி, இப்போது நடந்தே போகலாம் என்றாள். தப்புச் செய்த துறவிகளைத் தண்டனையாக அங்கே அனுப்புவார்களாம். கறி கிடையாது, மது கிடையாது, பெண்களுக்கு அனுமதி கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ராமநாதபுரம் மாவட்டம். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரிகளை மிரட்டினால், அது எங்கள் ஊரைத்தான். இங்கே என்னடா என்றால் தண்ணீருக்கு நடுவில் கொண்டுபோய்த் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துறவிகள் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

பஸ் நின்றது. இறங்கினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. மேலே குன்றின் உச்சியில் கறுத்த கல்லில் இரண்டு சின்னக் கோயில்கள், கூம்புத் தொப்பி போட்ட மாதிரி. ஏரி அவ்வளவு நீலமாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை பிளாஸ்க்கைத் திறந்து ஒன்பது கப் ஊற்றி முடித்துவிட்டது. குடித்துவிட்டு ஒவ்வொருவராகப் பையை என் காலடியில் வைத்தார்கள். பஸ்ஸை டிரைவர் டீசல் போட ஓட்டிப் போகிறார், பையில் பாஸ்போர்ட் இருக்கிறது, படியோ இருநூற்றுச் சொச்சம், அண்ணன் இங்கேயே இருக்கட்டும், ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று மேனேஜர் ஏற்பாடு சொன்னார். எனக்கு முட்டி வலி என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். எனக்கு முட்டி வலி என்று நான் யாரிடம் சொன்னேன்?

அவர்கள் ஏறிப் போனார்கள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து பைகளைச் சிறிது பெரிது பார்த்து வரிசையாக அடுக்கினேன். அடுக்கி முடித்த பிறகுதான் உறைத்தது. உட்கார் என்றதும் உட்கார்ந்ததோடு நிற்காமல் அழகாக வேறு அடுக்கியிருக்கிறேனே! எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி என் மேல்தான். விசா ஞாபகம் வந்தது. மகள் கல்யாணம் ஞாபகம் வந்தது. போனால் போகட்டும் போ என்று எழுந்தேன்.

பாஸ்போர்ட் இருக்கிற பைகளை நடுரோட்டில் விட்டுப் போகிற ஆள் நான் இல்லை. முதுகில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, இரண்டு தோளிலும் இரண்டிரண்டு, மிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன். என் பிளாஸ்க்கை மட்டும் அந்தக் கல்லின் மேல் விட்டேன், வேண்டுமென்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும். பொம்மை விற்கிற கடைக்காரன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. முட்டி நிஜமாகவே வலித்தது. வலித்தால் என்ன? இந்த வலி என்னுடையது, மேனேஜர் சொல்லி வந்தது இல்லை.

உச்சியில் அவர்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் ஒன்பது பைகளையும் இறக்கி வைத்தேன்.

"என்னண்ணா, கீழயே இருங்கன்னு சொன்னேன்ல?" என்றார் மேனேஜர்.

"சொன்னீங்க சார். நானும் பாக்கத்தான் வந்திருக்கேன். அவங்கவங்க பைய அவங்கவங்க வச்சுக்கங்க."

குரல் நடுங்கியது, பொய் சொல்வானேன். ரிசப்ஷனில் இருக்கும் திருநெல்வேலிப் பெண்தான் முதலில் வந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி என்று மெதுவாகச் சொன்னாள். மற்றவர்கள் ஏரியைப் பார்க்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு எடுத்தார்கள். நான் நிற்கவில்லை, கோயில் வாசலுக்கு நடந்தேன்.

வாசலில் பழக்க தோஷத்தில் ஷூவைக் கழற்றினேன். மெழுகுவர்த்தி விற்கும் பாட்டியம்மா பதறிப்போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் தலையாட்டிவிட்டு சாக்ஸோடு உள்ளே போனேன். கல் தரை ஐஸ். என் மனைவி கேட்டாளே, தரை எப்படி என்று, அது உள்ளங்காலில் ஏறியது. உள்ளே நம் வீட்டு ஹால் அளவு இடம்தான். இருட்டு. மேலே ஒரு சின்ன ஜன்னல், அதிலிருந்து சாய்வாக வெளிச்சம். சாம்பிராணி வாசனை. மணல் நிரப்பிய தட்டில் மெல்லிய மெழுகுவர்த்திகள். நானும் ஒன்று வாங்கி நட்டேன். வேண்டுதல் எதுவும் தோன்றவில்லை. வந்துட்டேன் சாமி என்று மட்டும் சொன்னேன். யார் சாமியாக இருந்தால் என்ன, எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அந்த ஊர்க்காரர்கள் கோயிலிலிருந்து வெளியே வரும்போது சாமிக்கு முதுகைக் காட்டுவதில்லை. ஒரு குடும்பம் பின்பக்கமாகவே அடி எடுத்து வைத்து வாசலைத் தாண்டியதைப் பார்த்தேன். நல்ல பழக்கம்தான். ஆனால் அர்பாப் அறையிலிருந்து ட்ரேயோடு பத்தொன்பது வருஷமாக நானும் அப்படித்தான் வெளியே வருகிறேன். சாமியைக் கும்பிட்டேன். கோவிச்சுக்காதே, இன்றைக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக நடந்து வெளியே வந்தேன். வாசலுக்கு வெளியே ஏரி முழுசாக நின்றது.

சிலுவை செதுக்கிய கற்களுக்குப் பக்கத்தில் மேனேஜர் காத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம், திங்கட்கிழமை ஆபீஸில் பேசிக்கலாம் என்றார்.

"பேசலாம் சார். திங்கக்கெழம காலைல ஏழரைக்கு டியூட்டில இருப்பேன். இன்னைக்கு எனக்கும் லீவு."

அவர் படியிறங்கிப் போனார். எனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து சும்மா ஏரியைப் பார்த்தேன். எவ்வளவோ வருஷங்களுக்குப் பிறகு என் கையில் ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் ஒன்றும் பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் பேசவில்லை. நான்கு மாதம் கழித்து, செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி விசா கேன்சல் பேப்பரை நீட்டினார். ஏரிக்கரையில் நடந்ததற்காகவா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். கலாஸ், முடிந்தது கதை என்று கையெழுத்துப் போட்டேன். மகள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்போது மஸ்கட்டில், ரூவியில் ஒரு ஆபீஸில் இருக்கிறேன், அதே வேலைதான். இதை எழுதுவதும் இங்கிருந்துதான். திரும்ப அந்தப் படிக்கட்டில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். சந்தேகமே வேண்டாம்.

துபாயில் என் கடைசி நாளில் அந்த ஆபீஸ் வழக்கப்படி எனக்கும் விடைகொடுக்கும் கேக் வாங்கியிருந்தார்கள். நான் வெட்டினேன். நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். பிறகு எல்லோரும் கேக்கைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். மேனேஜர் தன் போனை என்னிடம் நீட்டி, அண்ணா, ஒரு குரூப் போட்டோ எடுங்க என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ரிசப்ஷன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க எடுங்க சார்" என்றேன்.

அவர் சுவரோரம் போய் போனைத் தூக்கிப் பிடித்தார். நான் நடுவில் போய் நின்றேன்.