பொங்காத பற்றரி

உள் அறையிலிருந்து குமுகுமுவென்று அந்தச் சத்தம் கேட்டது. மூடி போட்ட பானைக்குள் உலை கொதிப்பது போன்ற சத்தம். குசினியில் கீரை கடைந்துகொண்டிருந்த சிவரூபி தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட மூத்த பெண்சாதி பொங்கத் தொடங்கிட்டா. போய் ஆலாத்தி எடுங்கோ!"

விறாந்தைக் கதிரையில் சாய்ந்திருந்த குகதாசன் சிரித்தார். மூத்த பெண்சாதி என்று அவள் சொல்வது அறைக்குள் இருக்கும் பற்றரியை. தன்னைக் கட்டுவதற்கு முன்பே அவர் பற்றரிகளோடு குடித்தனம் நடத்தியவர் என்பது அவளுடைய நியாயம்.

பொங்கும் சத்தத்தோடு சேர்ந்து இருமலும் கேட்டது. பக்கத்து அறையில் மகள் சாரங்கா. தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்திருப்பவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, இந்த அசிற் மணம் நெஞ்சை அடைக்குது. இண்டைக்குச் சோலர் திருத்த வாற அக்கா இதைச் சரி பண்ண நீங்கள் விடாட்டி நான் வவுனியாவுக்கே போறன். மாமி வீட்டில பெத்துக்கொள்ளுறன்."

குகதாசனின் சிரிப்பு அந்த இடத்திலேயே அணைந்தது.

ஜெயபுரத்தில் பெருந்தெரு வரைக்கும் மின்கம்பம் வந்துவிட்டது. வயலுக்கு அப்பால் ஒற்றையாய் நிற்கும் அவருடைய வீட்டுக்கு இன்னும் வரவில்லை. கூரையில் இரண்டு சோலர் தகடுகள், அறைக்குள் பெரிய பற்றரி, இரண்டுக்கும் நடுவே சுவரில் கொன்ரோலர் என்கிற சின்னப் பெட்டி. வெயில் தருகிற மின்சாரம் பற்றரிக்குள் எதுவரை ஏறலாம், எங்கே நிற்கவேண்டும் என்று பார்த்துக்கொள்வது அந்தப் பெட்டிதான். சோலர் பூட்டியவர்கள் வைத்துவிட்டுப் போன அளவை, அவர்கள் படலை தாண்டுவதற்குள் குகதாசன் மாற்றிவிட்டார். பதினைந்து வோல்ற். அந்த அளவில் பற்றரி மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும் வரை பொங்கும். பொங்கத்தான் வேண்டும். பொங்காத பற்றரி நிறையாத பற்றரி. அது அவருடைய வேதம்.

அந்த வேதத்தை அவர் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது படித்தார். வன்னி முழுவதும் மின்சாரம் இல்லாத காலம். தண்ணீர்ப் பம்பின் இஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, பழைய லொறி ஒன்றின் டைனமோவை அதோடு இணைத்து, ஓலைக் கொட்டிலுக்குள் ஊராருக்குப் பற்றரி சார்ச் பண்ணிக் கொடுத்தார். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவருக்கு றேடியோவில் செய்தி கேட்க. இன்னொருவருக்குக் கலியாண வீட்டில் ரியூப் லைற் எரிய. வேறொருவர் வாடகை ரீவி பிடித்து ஒழுங்கைச் சனத்துக்கே படம் காட்ட. அளந்து பார்க்க மீற்றர் எங்கே கிடைத்தது? காதுதான் மீற்றர். மூடிகளைக் கழற்றிவிட்டுக் குனிந்து கேட்பார். பற்றரியின் ஆறு அறையும் ஒன்றாகப் பொங்கினால், "பொங்கிட்டுது, கொண்டு போங்கோ!" என்று கத்துவார். அந்தக் குரலுக்காக மாமரத்தடியில் எத்தனை பேர் காத்திருந்தார்கள்! அந்த நிழலில் எத்தனை கதைகள், எத்தனை சண்டைகள், எத்தனை சிரிப்புகள்!

தன் தகப்பன் ஐயாத்துரையின் றேடியோப் பற்றரியோடு சிவரூபியும் அங்கேதான் வந்தாள். "இன்னும் பொங்கேல்லை, இருங்கோ" என்று அவர் அவளைக் காக்கவைத்த நாட்களில் பற்றரி எப்போதோ பொங்கி முடிந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். பாவாடை ஓரத்தில் விழுந்த அசிற் ஓட்டைகளைக் கண்டுதான் அவளுடைய தாய் விஷயத்தைப் பிடித்தாள். "றேடியோ கேக்கிறது கொப்பர். ஓட்டை உனக்கு எப்பிடியடி வந்தது?"

அந்த இனிப்புக்கு மேல் விதி மண்ணை அள்ளிப் போட்டது.

தொண்ணூற்றெட்டில், இடம்பெயர்ந்து போன காணியில், பங்கர்க் குழிக்குள் சிவரூபிக்குத் தலைப்பிரசவம். வெளியே பட்டப்பகல், உள்ளே கும்மிருட்டு. ஒரு பற்றரியும் ஒரு சின்னப் பல்பும்தான் துணை. பற்றரி பொங்குவதற்கு முன்பே செல்குண்டுகள் விழத் தொடங்கியதால், அரைகுறையாய் நிறைந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வெளிச்சம் கொடுத்துவிட்டு, குகதாசன் பங்கர் வாசலில் நின்றார். உள்ளே அவளுடைய ஓலம். திடீரென்று வெளிச்சம் நூர்ந்து இருண்டது. பிறகு, எந்தத் தகப்பனும் காத்துக்கிடக்கும் அந்த முதல் அழுகை வரவே இல்லை. மகனைத் துணியில் சுற்றித்தான் அவர் கையில் கொடுத்தார்கள்.

அந்த நாளைப் பற்றி இருவரும் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. சாரங்கா பிறந்தாள், வளர்ந்தாள், கலியாணம் முடித்தாள். அவர் வீட்டில் பற்றரி மட்டும் நாள் தவறாமல் பொங்கிக்கொண்டே இருந்தது.

முற்றத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கனகராயன்குளத்திலிருந்து வந்த தயாளினி. தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் சோலர் திருத்துகிறவள். அறைக்குள் நுழைந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னலை அகலத் திறந்து, வெயில் வரும் வயரைக் கழற்றிவிட்டாள். பொங்கல் அடங்கிய பிறகு மூடிகளைக் கழற்றினாள்.

"அண்ணை, இதென்ன பற்றரியோ, தவிட்டுப் பானையோ? தண்ணி வத்தி உள்ளுக்கிருக்கிற ஈயத் தட்டுத் தெரியுது. எத்தினை வருசத்துக்கு ஒண்டு மாத்துறியள்?"

"வருசத்துக்கு ஒண்டு," என்று குசினியிலிருந்து பதில் வந்தது. "என்னை மட்டும்தான் தங்கச்சி இன்னும் மாத்தேல்லை."

தயாளினி சிரித்துக்கொண்டே, தண்ணீர் மிச்சம் இருந்த ஓர் அறைக்குள் கண்ணாடிக் குழாய் ஒன்றை விட்டு அசிற்றை உறிஞ்சினாள். குழாய்க்குள் இருந்த மிதவை பச்சைக்கோடு வரை எழுந்து நின்றது.

"பாத்தியளோ? இது எப்பவோ நிறைஞ்சிட்டுது. நீங்கள் நிறைஞ்ச வயித்துக்குள்ள அடைச்சுக்கொண்டிருக்கிறியள். இப்ப பொங்கிறது சார்ச் ஏறுற சத்தமில்லை அண்ணை, தண்ணி வாயுவாப் பிரிஞ்சு போற சத்தம். அந்த நாளையில மாதத்தில ஒருக்கா, ரெண்டுதரம் சார்ச் பண்ணின பற்றரிக்குப் பொங்கிறது சரி. சோலர் ஒவ்வொரு நாளும் ஏத்துது. ஒவ்வொரு நாளும் பொங்கினால் தாங்குமோ?"

ஒவ்வொரு அறையிலும் தட்டு மறையும் வரை பற்றரித் தண்ணீர் விட்டாள். வயரைத் திரும்பப் பூட்டினாள். சற்று நேரத்தில் பற்றரி மறுபடியும் குமுறத் தொடங்கியது. அவள் கொன்ரோலரின் பொத்தானில் விரலை வைத்தாள்.

"பதினாலு தசம் நாலு வோல்ற் போதும். எங்கட வெக்கைக்கு அதுவும் கூட. பதினாலு தசம் ஒண்டில விடுறன். நிறைஞ்சாப் பிறகு பதின்மூண்டு தசம் மூண்டில பிடிச்சு நிக்கட்டும்."

குகதாசன் அவளுடைய விரலுக்கும் பெட்டிக்கும் நடுவே கையை வைத்தார். 

"வேண்டாம் தங்கச்சி."

"அப்பா!" என்றாள் சாரங்கா.

"நீ சும்மா இரு மோனை. உனக்கு வயித்து நோ எடுக்கேக்க இந்த வீட்டில லைற் நூந்தால்..." அவர் கையை எடுக்கவில்லை. "பொங்காத பற்றரியை நம்பி நான் ஒருக்கா வாசலில நிண்டனான். அது நூந்துபோச்சு. ஒரு பிள்ளையைப் பறிகுடுத்தது காணும், இனி ஏலாது."

குசினியில் மத்து விழுந்த சத்தம் கேட்டது. சிவரூபி வந்து அறை வாசலில் நின்றாள். முகத்தில் பகிடியின் சாயல்கூட இல்லை.

"என்ன சொன்னனீங்கள்?"

அவர் முகத்தைப் பற்றரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்டைக்கு அது நூந்தது எண்டோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?" அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, என்ர ராசா... அது நூரேல்லை. நல்லா எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. அந்த வெளிச்சத்திலதான் நான் பிள்ளையைக் கண்டனான். கழுத்தில கொடி சுத்தி, முகம் நீலம் பாரிச்சு... மூச்சில்லை. நீங்கள் வாசலில நிண்டு எட்டிப் பாக்கிறியள். அந்த முகத்தை நீங்கள் பாத்தால் தாங்கமாட்டியள் எண்டு, நான்தான் கையை நீட்டி வயரைப் பிடுங்கினனான். நூத்தது நான்!"

அறைக்குள் பற்றரி பொங்கிக்கொண்டே இருந்தது.

"ஏனப்பா சொல்லேல்லை?" என்று குகதாசன் மிக மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் கேக்கேல்லை. நீங்கள் பாவம் எண்டு நானும் வாய் திறக்கேல்லை. நீங்கள் இதைப் பொங்கவிடுறது தொழில் பழக்கம் எண்டெல்லோ நான் நாள்தோறும் பகிடி பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறன்!"  சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு விம்மினாள். சாரங்கா தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

தயாளினி சுவரைப் பார்த்தபடி நின்றாள். கலங்கிய கண்ணுக்குப் பெட்டியிலிருந்த எழுத்து தெளிவாகத் தெரிந்திருக்காது.

 குகதாசன் தோள் துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"தங்கச்சி, எந்தப் பொத்தான்?"

"கீழ இருக்கிறது, அண்ணை."

அவரே அழுத்தினார். பதினைந்து. பதினாலு தசம் ஒன்பது. தசம் எட்டு. ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்று, பற்றரிப் பக்கம் காதைச் சாய்த்தார். பதினாலு தசம் ஒன்றில் விரலை எடுத்தார். பொங்கல் மெல்லத் தணிந்தது. ஓர் அறை அடங்கியது, மற்றதும் அடங்கியது. கடைசியில் ஒன்றிரண்டு குமிழ்கள் மட்டும் எழுந்து உடைந்தன. முற்றத்து வேம்பில் புலுனிக் குருவிகள் கலகலக்கிற சத்தம் அன்றைக்குத்தான் அந்த அறைக்குள் வந்தது.

"பற்றரியை வீட்டுக்குப் பின்னால, பத்திக்கு மாத்தி, காத்துப் படுற மாதிரி வையுங்கோ," என்றாள் தயாளினி. "பிறகு, மாதத்தில ஒருக்கா, கதவு ஜன்னலெல்லாம் திறந்துபோட்டு, கொஞ்ச நேரம் பொங்க விடலாம். இந்தத் தண்ணிப் பற்றரிக்கு அது நல்லது."

"மாதத்தில ஒருக்காவோ?" சிவரூபி கண்ணைத் துடைத்தாள். "மூத்தவாவுக்கு அது காணும்."

குகதாசன் சிரிக்க முயன்றார். முழுதாய் வரவில்லை, ஆனாலும் வந்தது.

தயாளினிக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். படலை வரை போய் வழியனுப்பினார்கள். ஸ்கூட்டர் வயல் வரம்பைத் தாண்டி, பெருந்தெருப் பக்கம் மறைந்தது. அறைக்குள் சாரங்கா இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு முற்றத்தில் ஏறியது.

"வாங்கோ உள்ளுக்கு," என்று சொல்லி, அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு, சிவரூபி கதவைச் சாத்தினாள்.