'நாக் ஆஃப்' என்ற சொல்லும் ஈனக் சட்கிளிஃபின் கல்லும்

1926 மார்ச் 6: கல்லறைக் கல், முன்பணம் 2 பவுண்டு.
ஏப்ரல் 10: மீதி 3 பவுண்டு 10 ஷில்லிங்.
ஏப்ரல் 17: கூடுதலாக ஒரு வரி வெட்ட 12 ஷில்லிங்.

இங்கிலாந்தின் நெசவாலை ஊரான பர்ன்லியில், தேவாலயத்தின் ஈமச் சங்கக் கணக்கு என் பொறுப்பு. பணம் கட்டியவர் க்ளெமென்ட் சட்கிளிஃப், ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். நெசவாலைக்குள் அவர் கால் வைத்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் இறந்த அவர் தந்தை ஈனக், ஆலையில் தறிகளைப் பழுது பார்க்கும் தறி மேஸ்திரி.

ஆங்கிலத்தில் 'நாக்' தட்டும் ஓசையிலிருந்து பிறந்த சொல். கதவைத் தட்டுவதும் நாக், கிரிக்கெட்டில் ஒருவர் ஆடிய ஆட்டமும் நாக். மாலையில் வேலையை விடுவது 'நாக் ஆஃப்'. இந்தக் கடைசிச் சொல் தன் தந்தையால் வந்தது என்று க்ளெமென்ட் நம்பினார். ஈனக் தினமும் தறிச் சட்டத்தில் சுத்தியலால் மூன்று முறை தட்டுவாராம், உடனே எல்லோரும் வேலையை விடுவார்களாம். 'நாக் ஆஃப் என்ற சொல்லைத் தந்தவர்' என்று கல்லில் வெட்டச் சொன்னார்.

"தறி மேஸ்திரியா சொல்லைக் கண்டுபுடிச்சாரு?" என்றார் கல் தச்சர். "வெச்ச ஸ்பேனரையே கண்டுபுடிக்க மாட்டாங்களே."

க்ளெமென்டுக்கு ரோசம் வந்துவிட்டது. ஆங்கில அகராதி அலுவலகத்துக்கு எழுதினார். சாட்சி இருந்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. ஈனக்கிடம் முப்பது வருடம் நெய்த ஹானா ஹோல்கேட் வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார்.

"ஹானாம்மா, அப்பா தட்டினதும் எல்லாரும் வேலைய விட்டுடுவீங்கல்ல?"

ஹானா குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். நெசவுக்கூடத்தில் பெண்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

"என்ன சொல்றீங்க?"

"தறி ஓடுறப்ப பக்கத்துல பீரங்கி வெடிச்சாலும் உள்ள கேக்காதுன்னு சொன்னேன், தம்பி. இஞ்சின் நின்னா தறி நிக்கும், சால்வைய எடுத்துப் போத்திக்கிட்டுக் கெளம்புவோம். உங்கப்பன் தட்டுனது தறி மக்கர் பண்ணா. அதுவும் பாதி நாள் நல்லா ஓடுற தறியைத் தட்டுவான்."

"அவர்தான் என்கிட்டச் சொன்னாரு."

"பிள்ளைங்ககிட்ட அளக்காத அப்பன் யாரு? டீ ஆறுது, குடி."

க்ளெமென்ட் டீயைக் குடித்தார். மறுநாள் கல் தச்சரிடம் அந்த வரி வேண்டாம் என்றார். பன்னிரண்டு ஷில்லிங் திரும்பி வந்தது. அகராதிக்காரர்களுக்கும் தன் கூற்றைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டார்.

கல் நடப்பட்டது. பெயரும் பிறந்த, இறந்த வருடங்களும் மட்டும் இருந்தன. அந்த வரிக்காகக் கீழே இழைத்து வைத்த இடம் வெறுமையாக நின்றது.

அகராதி அலுவலகம் இன்னொரு முறை எழுதியது. ஈனக் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் அச்சில் இருந்ததாம். அதில் தட்டுதல் எப்படி வந்தது என்பது அவர்களுக்கும் தெரியாதாம். அந்தக் கடிதம் வந்தது 1926 ஜூலை 3.