இரண்டு பேர் நின்றுகொள்ள வேண்டும்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அதற்குப் பிறகு ஸ்டீல் தகட்டு வேலைக்கு வந்துவிட்டேன். எங்கள் பட்டறையில் பெரிய சமையலறைகளுக்கான சாமான்கள் செய்கிறோம். இட்லிக் கொப்பரை, சோறு வேகவைக்கும் நீராவிப் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி, புகைக்குழாய். செய்து அனுப்பினால் மட்டும் போதாது, போய்ப் பொருத்திக் கொடுக்கவும் வேண்டும். வாங்குகிறவர்களில் பலர் ரயில் போகாத ஊர்களில் இருக்கிறார்கள். மலைமேல் ஆஸ்பத்திரி, காட்டுக்குள் அணை கட்டும் இடம், எங்கோ ஒரு விடுதிப் பள்ளி. அதனால் முதலாளி விமான டிக்கெட் எடுத்துத் தருகிறார். மாட்டுங்காவில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரர் இதை இன்றுவரை நம்பவில்லை.

எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். நாலு பேர் பார்த்தால் கை எங்கே வைப்பதென்று தெரியாது. அப்படிப்பட்டவனுக்குப் பெரிய விமான நிலையம் சௌகரியம். மும்பையில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. முன்னால் போகிறவரைப் பார்த்து அவர் செய்வதையே செய்தால் உள்ளே போய்விடலாம்.

சின்ன விமான நிலையங்களில் அது நடக்காது. ஒரே கூடம், ஒரு தராசு, ஒரு டீக்கடை. நாளுக்கு ஒரு விமானம். சீட்டைக் கிழித்துக் கொடுத்தவரே பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவார், கொஞ்ச நேரம் கழித்து வெளியே நின்று விமானத்துக்குக் கையும் காட்டுவார். விமானம் வருவதற்கு முன்னால் சங்கு ஊதுவார்கள். ஓடுதளத்தில் மேயும் மாட்டை விரட்டவும் ஓர் ஆள் உண்டு. விமானம் கிளம்பியதும் டீக்கடையை மூடிவிடுவார்கள். அங்கே எல்லாரும் எல்லாரோடும் பேசுவார்கள். எங்கிருந்து வருகிறாய், பம்பாயா, பம்பாயில் எங்கே, எத்தனை பிள்ளைகள்? என் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து, இது என்ன, இது எதற்கு என்று கேட்பார்கள். சந்தேகம் பாதி, பொழுதுபோக்கு பாதி.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன் அப்படி ஒரு மலை ஊரில் மாட்டிக்கொண்டேன். என்னோடு வந்தவன் எங்கள் பட்டறை வெல்டர். என்னைவிட வயதில் சின்னவன். உடம்பு என்னைப்போல ஒன்றரை மடங்கு, பேச்சு பத்து மடங்கு. ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்துவிட்டது. மறுநாள் காலை தாராவியில் எங்கள் சந்துக் கோயிலில் என் தங்கை மகளுக்குக் காது குத்து.

தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த குழந்தை அது. எங்கள் அப்பா அம்மா இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் மட்டும்தான். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். காலையிலேயே போனில் பேசினாள்.

"எண்ணே, பொறப்பட்டாச்சா?"

"ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன்."

"அவுக வீட்டுல சித்தப்பன் பெரியப்பன்னு மடி நெறய இருக்கு. நீ வரலன்னா ஒரு மடில உக்கார வச்சுருவாக. அப்புறம் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாக. எனக்குன்னு நீ ஒருத்தந்தான இருக்க."

"வந்துருவேம்மா."

"அந்த அடுப்பக் கட்டிக்கிட்டு அழுதது போதும், வா."

முந்தின நாள் பெய்த மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது. பஸ் இல்லை, ஜீப் இல்லை. இந்த விமானத்தில் டில்லி போய், அங்கிருந்து ராத்திரி விமானத்தில் மும்பை. வேறு வழி கிடையாது.

விசிறி வைத்த சின்ன விமானம் வந்து நின்றது. அப்போது கவுண்டரில் இருந்த இளைஞன் ஹிந்தியில் அறிவித்தான். டில்லியில் வானிலை சரியில்லை, வானத்திலேயே சுற்றிக் காத்திருக்க வேண்டி வரலாம், அதனால் கூடுதல் எண்ணெய் ஏற்றுகிறோம், எடையைக் குறைக்க வேண்டும், இரண்டு பேர் நின்றுகொள்ள வேண்டும், நாளைக்குப் போகலாம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். கடைசியாக டிக்கெட் எடுத்தவர்கள் நாங்கள்தான்.

எனக்கு வாய் வரவில்லை. வெல்டர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"எண்ணே, நீ வாயத் தொறக்காத. எப்பவும் தொறக்க மாட்ட, இன்னைக்கும் அப்படியே இரி. நான் பேசுதேன்."

போய்ப் பேசினான். அவனுடைய பம்பாய் ஹிந்தி தாராவியில் செல்லும், அங்கே செல்லவில்லை. "அரே பாய், இவர் போயே ஆகணும், வீட்டு விசேஷம்" என்றான். "எல்லாருக்கும் விசேஷம்தான்" என்றான் இளைஞன். இவன் குரலை உயர்த்தினான், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூடம் முழுவதும் எங்களையே பார்த்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வெல்டர் அதைச் சொன்னான். ஹிந்தியில்தான், குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

"இவரோட தங்கச்சி புருஷன் செத்துட்டாரு. நாளைக்கு எடுக்குறாங்க. கைக்குழந்தை இருக்கு."

நான் நிமிர்ந்தேன். அவன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், பேசாதே என்று. நான் பேசவில்லை.

முன் வரிசையிலிருந்து மலைக்காரத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். ஒல்லியான மனிதர். டில்லிக்குக் கண் காட்டப் போவதாகக் காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். என் தோளில் கை வைத்தார். "நீ போ மகனே. என் கண் ஒரு நாள் பொறுக்கும். உன் தங்கை தனியாக இருப்பாள்" என்றார். தன் சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டார். வெல்டரும் உடனே, "இன்னொரு ஆளா நான் நின்னுக்கிடுதேன்" என்றான். முடிந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஓர் அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்கைக்கு என்ன வயது என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வெல்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

"ஏல, என்ன காரியம் பண்ணிட்ட? நல்ல காரியத்துக்கு முந்தின நாளு... அவ தாலில கை வச்சுட்டியேல."

"வாய்ல சொன்னா ஆளு போயிருவாராண்ணே? சாமிக்குத் தெரியாதா, எடை கொறைக்கத்தான் சொன்னோம்னு?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தங்கை மாப்பிள்ளை. எடுத்தேன்.

"மச்சான், கெளம்பிட்டீங்களா? ராத்திரி நான் ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். ஆட்டோக்காரன்ட்டப் போயி நிக்காதீங்க, நீங்க பேரம் பேச மாட்டீங்க. சாப்புட என்ன எடுத்து வைக்கச் சொல்ல?"

அவர் குரல் எப்போதும்போல உரக்க இருந்தது. பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அம்மாள் என் முழங்கையைத் தடவிக் கொடுத்தாள். தமிழ் தெரியாததால், துக்க வீட்டிலிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

"எதுனாலும் சரி மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

அந்த இருக்கையில் உட்கார்ந்து போய், மறுநாள் என் மடியில் அவருடைய குழந்தையை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எழுந்து கவுண்டருக்குப் போனேன். அத்தனை பேர் முன்னால் அதுவரை நான் பேசியதில்லை. ஹிந்தியில் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டே.

"யாரும் சாகவில்லை. தங்கை மகளுக்குக் காது குத்து. எங்கள் பக்கத்தில் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவளுக்கு அண்ணன் நான் ஒருவன்தான். இவன் சொன்னது பொய். பெரியவர் சீட்டை அவருக்கே கொடுத்துவிடுங்கள்."

"போச்சு" என்று வெல்டர் பின்னால் தமிழில் முனகினான்.

கவுண்டர் இளைஞனுக்குக் காது சிவந்துவிட்டது. "சாவை வைத்து விளையாடுவீர்களா?" என்று வெல்டரைப் பார்த்துக் கத்தினான். டீக்கடைக்காரர், "என் டீ?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பெரியவர்தான் கேட்டார்.

"அப்படியானால் உன் தங்கை புருஷன்?"

"நன்றாக இருக்கிறார். இப்போது போனில் பேசியது அவர்தான்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு இளைஞனிடம் திரும்பினார். "நம் வீடுகளில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது யார்? மாமா இல்லையா? உன் அக்கா குழந்தைக்கு நீ லீவு போட்டுவிட்டுப் போகவில்லையா?" என்றார். இளைஞன் தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். ஒல்லியாக நின்ற பெரியவரை ஒருமுறை பார்த்தான். வெல்டரை மேலும் கீழும் பார்த்தான்.

"அந்த இரும்புப் பெட்டி உங்களுடையதா?"

"ஆமாம்."

"அதுவே பாதி ஆள் எடை. பெட்டி நிற்கட்டும், இந்தப் பொய்க்காரனும் நிற்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் ஏறுங்கள்."

அந்தப் பெட்டியை நான் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. அன்றைக்கு விட்டுவிட்டு வந்தேன். விமானத்தில் பெரியவருக்கு என் பக்கத்து இடம். அவர் இறங்கும்போது பையிலிருந்து ஒரு கை நிறைய அக்ரோட் கொட்டை எடுத்து, "குழந்தைக்கு" என்று கொடுத்தார்.

ராத்திரி மும்பையில் மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். அவரை அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன் போலிருக்கிறது. "என்ன மச்சான், நான் மெலிஞ்சுட்டனா?" என்றார்.

காலையில் காது குத்து நல்லபடியாக நடந்தது. குழந்தை என் மடியில் உட்கார்ந்து கோயில் அதிர அழுதது, புது வேட்டியை நனைத்தது. தங்கை தன் மாமியாரைப் பார்த்த பார்வையில் எல்லாக் கணக்கும் தீர்ந்திருந்தது.

வெல்டருக்கு மறுநாளும் விமானம் இல்லை. மழை. அடுத்த நாளும் இல்லை. அந்த டீக்கடையிலேயே கிடந்திருக்கிறான். கடைக்காரரின் அடுப்பைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தானாம், எனக்குக் கொடுத்த டீக்கு ஈடாக. ஒருவழியாகப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். "எங்க அண்ணனுக்காக நின்னுக்கிட்ட புள்ள" என்று தங்கை அவனைச் செம்பூரில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். எதற்காக நிற்க வேண்டி வந்தது என்பதை நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

தங்கை மாப்பிள்ளைதான் பரிமாறினார். பாயசத்தை ஒரு கரண்டி ஊற்றினார். இவன் குனிந்தபடியே குடித்தான். இன்னொரு கரண்டி ஊற்ற வந்தார்.

"போதும்ணே."

"எங்களுக்காக அங்க கெடந்து கஷ்டப்பட்டிருக்கீங்க, குடிங்க." ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன மச்சான், இவரு நல்லாப் பேசுவாருன்னு சொன்னீங்க. உங்களவிடக் கூச்சப்படுதாரே?"

வெல்டர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.