திங்கட்கிழமை எடை

கோயம்புத்தூரில் இருபத்தாறு வருஷமாக ஜிம் மாஸ்டராக இருக்கிறேன். பெரும்பகுதி கணபதியில் ஒரே ஜிம்மில். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், ஒல்லியாக இருப்பவனை எப்படித் தேற்றுவது என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால், அப்படி ஒருவனைத் தேற்றுகிறேன் என்று நான் சாகக் கொடுக்கப் பார்த்ததையும் சொல்லிவிட வேண்டும்.

1. ஐம்பத்தொன்று

பிரகாஷுக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் வெள்ளகோவில். இங்கே ஒரு பம்ப் கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டிக்கொண்டு, அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்தான். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். எடை ஐம்பத்தொரு கிலோ.

"எதுக்கு கண்ணு ஒடம்பு ஏத்தோணும்?" என்று கேட்டேன்.

"பொண்ணு பாக்கப் போயிருந்தமுங்க மாஸ்டர். பொண்ணுக்குப் புடிச்சிருக்குதுங்க. அவிய பெரீப்பாதான், 'மாப்பிள்ளை காத்தடிச்சாப் பறந்துருவாராட்ட இருக்குது'ன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டாருங்க. வைகாசிக்கு மறுபடியும் பாக்கலாம்னுட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். காது மட்டும் சிவந்திருந்தது.

ஆரம்பிக்கிறவனுக்கு நான் கொடுக்கும் பாடம் மிகச் சாதாரணம். வாரம் மூன்று நாள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட், ரோயிங். முதல் வாரம் வெறும் ராடு, இருபது கிலோ. தூக்குகிற விதம், அதாவது ஃபார்ம், சரியாக வந்தால் அடுத்த வாரம் பக்கத்துக்கு இரண்டரை கிலோ கூடும். கை வலிக்க கர்ல் அடிப்பதெல்லாம் அப்புறம். முட்டை, நிலக்கடலை, ராகிக் களி, தயிர், வாழைப்பழம், எட்டு மணி நேரத் தூக்கம். அவசரப்படாதவனுக்கு உடம்பு வந்தே தீரும்.

எங்கள் ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. புதியவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு நோட்டு. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தராசில் ஏற வேண்டும். போன வாரம் தின்றதையெல்லாம் எழுதிக் காட்ட வேண்டும். எடையை நான் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். ஏறியிருந்தால் கை தட்டுவார்கள். இறங்கியிருந்தால் கேலி. நோட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இந்த ஏற்பாட்டை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை!

2. சிவப்புப் பேனா

முதல் மூன்று வாரம் அவன் நன்றாக வந்தான். ஐம்பத்திரண்டரைக்குப் போனான். ஸ்குவாட் முப்பது கிலோ. கண்ணாடியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வான்.

நாலாவது திங்கள் ஐம்பத்தொன்று. ஐந்தாவது திங்கள் நாற்பத்தொன்பதரை.

நோட்டைப் பார்த்தேன். காலையில் ஏழு தோசை, நாலு முட்டை. மத்தியானம் களி உருண்டை மூன்று. நடுவில் பேரீச்சம்பழம், மறுபடியும் சோறு. யானை தின்கிற தீனி. இதைத் தின்கிறவன் இளைப்பானா?

"ஏன்டா, ஆரை ஏமாத்தறே?"

"சத்தியமாத் திங்கறனுங்க மாஸ்டர். தின்னாலும் பசிக்குதுங்க. அம்மாவ வேணாக் கேளுங்க."

"அம்மாவ எதுக்குக் கேக்கோணும்? தராசு சொல்லுது பாரு."

ஹாலில் சிரித்தார்கள். நோட்டில் சிவப்பில் எழுதினேன்: "பொய் எழுதாதே."

அவன் நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்கச் செட்டுக்கு நடுவே தண்ணீர் கேனைவிட்டு நகரவே மாட்டேன் என்றான். குடிப்பான், பாத்ரூம் போவான், மறுபடி குடிப்பான். முப்பது கிலோ தூக்கினவன் இருபத்தைந்துக்கே தடுமாறினான். "தண்ணி குடிக்கத்தான் ஜிம்முக்கு வாறயா?" என்று அதற்கும் சத்தம் போட்டேன். போதாததற்கு, பாலில் வெல்லத்தையும் நாலு வாழைப்பழத்தையும் அடித்துத் தினம் இரண்டு வேளை குடிக்கச் சொன்னேன். அதையும் குடித்தான். நான் சொன்னதை அவன் ஒரு நாளும் தட்டியதில்லை.

ஜிம்மைக் கூட்டித் துடைப்பது மயிலாத்தாள் அக்கா. ஒருநாள் வாளியோடு வந்து நின்றது.

"ஏனுங் மாஸ்டர், இந்த ஒல்லிப் பையன் போய்ட்டு வந்தாப் பாத்ரூம்ல எறும்பு மொய்க்குதுங்க."

"பினாயில் ஊத்துங்கக்கா."

"அதில்லீங்க. என்ற அண்ணனுக்கும் இப்படித்தானுங்க..."

"அக்கா, ஆளுங்க நிக்கறாங்க. பொறகு பேசலாம்."

பிறகு நான் பேசவேயில்லை. அந்தப் பேச்சை அன்றைக்கே முழுசாகக் கேட்டிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

3. வியாழன் காலை

ஆறாவது திங்கள் நாற்பத்தேழரை. அன்றும் திட்டினேன். அந்த வியாழக்கிழமை காலை, ராடைத் தோளில் வைக்கும் முன்பே பிரகாஷ் தரையில் உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்துவிட்டான். மூச்சு ஓடி வந்தவனுக்கு வாங்குவது போல வேகமாகவும் ஆழமாகவும் வாங்கியது. வாயில் அழுகின பழத்தின் வாடை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தான்.

நான் குளுக்கோஸைக் கரைத்துக்கொண்டு ஓடினேன். மயிலாத்தாள் அக்கா என் கையைத் தட்டிவிட்டது.

"நெனவில்லாதவன் வாயில எதையும் ஊத்தாதீங்க! சக்கரையா இருக்கும்னு அன்னிக்கே சொல்ல வந்தேன். மொதல்ல வண்டிய எடுங்க!"

ஜிம் ஓனர் காரில் அவனைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்சீட்டில் அவன் தலை என் மடியில் இருந்தது. ஆறு வாரம் தொட்டுத் தொட்டு ஃபார்ம் திருத்திய தோள், ஒரு கையில் அடங்கியது. சாமியெல்லாம் கும்பிட்டேன். எனக்கு அப்போது வேறெதுவும் தெரியவில்லை.

சர்க்கரை அளக்கும் மெஷின் எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மேலே என்றுதான் காட்டியது. பிறவி நோயும் இல்லை, தின்று வந்ததும் இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் வகைச் சர்க்கரை நோயாம். இளம் வயதிலும் வருமாம். தின்பது உடம்பில் ஒட்டாமல் சர்க்கரையாகச் சிறுநீரில் போய்விடும். அதனால்தான் அந்தப் பசி, அந்தத் தாகம், அந்த இளைப்பு, பாத்ரூமில் அந்த எறும்பு.

ஐசியூ வாசலில் டாக்டரம்மா அவன் அம்மாவிடம், "எப்ப இருந்து இளைச்சாரு? எவ்வளவு சாப்பிட்டாரு?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு அழுகையில் வார்த்தை வரவில்லை. மகனின் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டியது.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாமே இதுல இருக்குதே. வாராவாரம் எடை, சாப்பாடு எல்லாம் சரியா எழுதியிருக்கறாரு." பிறகு சிவப்பு வரிக்கு வந்தார். "இது ஆரு எழுதினது?"

"நாந்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நோட்டை மூடி அந்த அம்மாவிடமே கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

4. மறுபடியும் ஒரு திங்கள்

பிழைத்துக்கொண்டான். இரண்டு மாதம் கழித்து, டாக்டர் சீட்டோடும் இன்சுலின் பேனாவோடும் திங்கட்கிழமை காலை வந்து நின்றான். பெண் வீட்டில் எல்லாவற்றையும் அவனே நேரில் போய்ச் சொல்லிவிட்டானாம். பதில் இன்னும் வரவில்லை.

நோட்டை வாங்கி, சிவப்பில் எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீங்க மாஸ்டர். டாக்டரம்மா பத்திரமா வெச்சுக்கச் சொல்லியிருக்குது."

அதனால் அந்த வரியின் கீழே இன்னொன்று எழுதினேன்: "இவன் எழுதியது அத்தனையும் உண்மை." கையெழுத்தும் போட்டேன்.

இப்போது என்னிடம் வருகிறவனுக்கு நோட்டு உண்டு, திங்கட்கிழமைத் தராசு உண்டு, சத்தம் கிடையாது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நன்றாகத் தின்றும் ஒருவன் இளைத்தால், ஓயாமல் தண்ணீர் குடித்தால், அவனைத் திட்டாதீர்கள். ராடைக் கீழே வைக்கச் சொல்லி அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். தராசு எடையைத்தான் சொல்லும். பொய் என்று எழுதினது நான்.

அன்று பிரகாஷ் தராசில் ஏறினான். ஐம்பத்திரண்டு கிலோ எண்ணூறு கிராம். மெதுவாக அவனிடம் மட்டும் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்க மாஸ்டர்," என்றான். "அன்னிக்குச் சிரிச்சவீங்க எல்லாரும் இங்கதான் இருக்கறாங்க."

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வாளியைக் கீழே வைத்துவிட்டு மயிலாத்தாள் அக்காதான் தராசை எட்டிப் பார்த்து ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னது.