நானா கடைக் கலண்டரில் எங்கள் அருவி

றொசல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராகச் சேர்ந்தபோது, ஆபீசில் எனக்குக் கொடுத்த முதல் வேலை மழை அளப்பது. காலையில் ஆபீஸ் முற்றத்துக்குப் போய், புனல் வைத்த செம்புக் குவளையைத் திறந்து, உள்ளே சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து எழுதவேண்டும். ஐந்தாறு வருஷம் இதையே செய்ததில், அளந்து முடித்ததும் அன்று அருவி எப்படி இருக்கும் என்று எனக்கு ஆபீசிலிருந்தே தெரிந்துவிடும்.

தோட்டத்தின் கடைசி மலைக்கு அப்பால் ஆறு ஒரு இடுக்கில் இறங்கி அருவியாக விழும். பெரிய அருவிகளுக்கு இருப்பதுபோல அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. "ஆறு விழுற எடம்" என்பார்கள், அவ்வளவுதான். உச்சியில் இடது பக்கமாக ஒற்றைச் சவுக்கு மரம் நிற்கும். தண்ணீர் பாதி தூரம் நேராக விழுந்து, ஒரு பாறையில் மோதி வலது பக்கம் திரும்பும்.

ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சின்னத் துரை ஒருவர் விட்டுச்சென்ற பெட்டிக் கேமரா என்னிடம் இருந்தது. ஒரு சுருளில் எட்டுப் படம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இடுக்குப் பக்கம் போய்விடுவேன். "பூசையில பாதி நேரம் ஜன்னல் வழியா மேகத்தத்தான பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்பாள் என் மனைவி. பொய்யில்லை.

ஹட்டனில் நாங்கள் சாமான் வாங்கும் கடைக்காரர் முஸ்லிம். ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். பருத்த உடம்பு, பெரிய குரல். ஒரு தை மாதம் கடைக்குப் போனபோது என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, அடுத்த வருஷத்துக்கு நம்ம கடைக்கு கலண்டர் போடப்போறேன். நீ எடுக்கிறியே அருவி, அது ஒண்ணு வேணும்."

"எல்லாரும் சாமி படம்தானே நானா போடுறாங்க?"

"சாமி படம் போட்டா ஒரு வீட்டுல மாட்டுவாங்க, இன்னொரு வீட்டுல மாட்ட மாட்டாங்க. நம்ம கடைக்கு எல்லாரும் வாறாங்க. தண்ணிய யாரு வேணாங்கப் போறா?"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மாதமே போய் எடுத்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்தது. பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. படத்தை நானா மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"பாறை நல்லாருக்கு. ஆறு எங்க?"

"கோடைதானே நானா, தண்ணி கம்மி."

"கம்மியா? ஒங்க ஆபீஸ் பைப்பில இதவிடக் கூட வருமே!"

சரி, தண்ணீர்தான் வேண்டும் என்றால் மழைக்காலத்தில் போவோம் என்று காத்திருந்தேன். ஆனி மாதத்து மழை தொடங்கியதும் நான்கு ஞாயிறு போனேன். காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டு போயும் அட்டைகள் விடவில்லை. அருவி இரைவது நெஞ்சுக்குள் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. மூடுபனி இடுக்கை நிரப்பிக்கொண்டு நிற்கும். திடீரென்று ஒரு கணம் விலகி, வெள்ளை வெள்ளையாகப் பொங்கும் தண்ணீரைக் காட்டும். கேமராவைத் தூக்குவதற்குள் மூடிவிடும். எட்டையும் எப்படியோ எடுத்து ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் படங்களை வரிசையாக மேசையில் பரப்பிவிட்டு, "கிளாக்கரையா, வேட்டியக் காயப்போட்டு எடுத்தீங்களா?" என்று கேட்டார். எட்டும் வெள்ளை.

ஐப்பசி வந்தது. கலண்டர் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம்தான். நானா பொறுமையிழந்து, "இந்த ஞாயித்துக்கெழம நானும் வாறேன்" என்று ரயிலேறி வந்தே விட்டார். கையில் கடைக் குடை, இன்னொரு கையில் கட்டுச்சோறு. இவர் வருகிறார் என்றதும் என் மனைவியும் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தேயிலைக்குள் இறங்கும் வழியில் நானாவுக்குக் கால் வழுக்கியது. கட்டியிருந்த சாரத்தோடு உட்கார்ந்தபடியே பத்தடி சறுக்கிப்போய் ஒரு செடியைப் பிடித்து நின்றார். நாங்கள் பதறி ஓடினோம். "இப்படியே போனா சுருக்காப் போயிறலாம் போலயே!" என்றார், எழுந்திருக்காமலே.

அருவிக்கு எதிரே, இடுக்கின் இந்தப் பக்கம், உயரமான பாறை ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் மேல் நல்ல வெயில். அருவியில் மிதமான தண்ணீர். ஐந்து படம் எடுத்துவிட்டேன். அப்போது மேலே, மலைக்கு அப்பால், வானம் கறுத்து இடி உருண்டது. அங்கே மழை, இங்கே வெயில். கொஞ்ச நேரத்தில் அருவியின் சத்தம் மாறியது. முதலில் என் மனைவிதான் கவனித்தாள்.

"பாருங்க, தண்ணி நெறம் மாறுது!"

உச்சியில் பழுப்பாக ஒரு கோடு தோன்றி, அப்படியே இறங்கி, சாயம் மாதிரி அருவி முழுக்கப் பரவியது. அடுத்த நிமிஷம் வெள்ளம். மோதுகிற பாறையே தெரியவில்லை, தண்ணீர் வலது பக்கம் திரும்புவது மட்டும் தெரிந்தது. தண்ணீர் இடுக்கின் சுவரில் அடித்துத் தூளாகி எழும்பியது. அந்தத் தூளில் வெயில் பட்டு வானவில் ஒன்று எங்கள் காலுக்குக் கீழே வளைந்து நின்றது.

"அல்லாஹ்வே! அடி தம்பி, அடி!" நானா எழுந்து நின்று கத்தினார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையைத் தட்டினேன். மூன்று படம். சுருள் முடியவும் மழை எங்கள் மேலும் வரவும் சரியாக இருந்தது. குடையைக் கேமராவுக்குப் பிடிக்கவேண்டிய நானா அதை மறந்து இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் மனைவி குடையைப் பிடுங்கிக் கேமராவைக் காப்பாற்றினாள். நாங்கள் மூவரும் தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே மேலேறினோம்.

படம் அற்புதமாக வந்திருந்தது. நானா அதைக் கொழும்புக்கு அனுப்பினார். மார்கழிக் கடைசியில் கலண்டர்கள் கட்டுக் கட்டாக வந்திறங்கின. நீல மையில் என் அருவி. கீழே கடையின் பெயர். நானா வந்தவருக்கெல்லாம் கொடுத்தார். நான் சும்மாவே கடைப்பக்கம் நான்கு தடவை நடந்தேன்.

அப்படி ஒரு தடவை நான் கடையில் நின்றபோது, அருவிக்கு எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா கலண்டரை வாங்கி, விரித்துப் பார்த்து, "இது எங்க ஆறு இல்லீங்களே" என்றார்.

"என்னக்கா சொல்றீங்க, நான்தானே எடுத்தேன்?"

"தெனம் பாக்கிறேன், எனக்குத் தெரியாதா? மரம் இந்தக் கைப்பக்கம்ல நிக்கும்?" இடது கையை உயர்த்திக் காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். மரம் வலது பக்கம் நின்றது. தண்ணீர் இடது பக்கம் திரும்பியது. அச்சகத்தில் படத்தை இடவலமாக மாற்றிப் போட்டுவிட்டார்கள். பத்துத் தடவை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. மடையன் நான், என் படம் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நானாவின் முகம் சுருங்கிப்போனது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் முடிவெட்ட நானா கடைக்குப் பக்கத்துச் சலூனுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து எதிரே பார்த்தால், கண்ணாடிக்குள் என் அருவி. மரம் இடது பக்கம். தண்ணீர் வலது பக்கம் திரும்புகிறது. என் முதுகுக்குப் பின்னால் சுவரில் நானாவின் கலண்டரை மாட்டியிருந்தார்கள். கடைப் பெயர்தான் இடவலமாகத் திரும்பிக் கிடந்தது. நான் வாய்விட்டுச் சிரித்ததில் கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

பாதி வெட்டிய தலையோடு ஓடிப்போய் நானாவிடம் சொன்னேன். அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் புரிந்து, கல்லாவில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். விற்பனைக்கு வைத்திருந்த பெரிய கண்ணாடி ஒன்றை அப்போதே இறக்கி, கலண்டருக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

அந்த மாதம் முழுக்கக் கடையில் அதுதான் வேடிக்கை. சாமான் வாங்க வந்தவர்கள் முதலில் கலண்டரைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பிக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் சரி என்று இரண்டு பேர் சண்டைகூடப் போட்டார்கள். "ரெண்டும் நம்ம ஆறுதான், போங்க" என்பார் நானா.

சம்பள நாளுக்கு மறுநாள் அந்தக் கொழுந்து பறிக்கிற அக்காவும் வந்தார். நானா அவரைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"இப்பச் சரியா இருக்கு" என்றார். "மரம் நிக்குது, தண்ணி திரும்புது. பக்கத்துல நானும் நிக்கிறேன்."

நல்லதண்ணி என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சிக்கு இன்னொரு கலண்டர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.