சாம்பல்தீவில் நான் வெட்டிய கொன்றை

தமயந்தியின் கொன்றையை வெட்டியவன் என் மகன் அல்லன். நான்!

அவள் என் மருமகள். மூன்று ஆண்டுகளாக என் குற்றத்தை என் மகன் குகன் சுமக்கிறான்... நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளிடம் சொல்ல முடியாததை, முன்பின் அறியாத உங்களிடம் சொல்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனந்தான்.

திருகோணமலைக் கோயிலொன்றில், பதிகம் ஓதும்போதே கண்ணீர் வடிக்கும் கிழவன் ஒருவனை நீங்கள் கண்டிருக்கலாம். அது நானாகவும் இருக்கலாம். ஈசன் சடையில் சூடிய கொன்றையைப் பாடாமல் ஒரு வைகறையும் எனக்கு விடிந்ததில்லை. தமயந்தியின் தகப்பனார் காலமானபோது, அவர் நினைவாக என்ன மரம் நடலாமென்று அவள் கேட்டது என்னிடந்தான். "கொன்றை நடு பிள்ளை" என்றவனும் நானே!

சாம்பல்தீவில், அவள் பிறந்த வீடு இடிந்துகிடந்த வளவில், வாசல் இருந்த இடத்தில் அதை நட்டாள். முதற்பூவைத் தகப்பனின் திவசத்துக்குப் படைக்க வேண்டுமென்பது அவள் எண்ணம். நான் போய்ப் பார்த்ததில்லை. கொன்றையைப் பற்றி நான் அறிய இன்னும் என்ன இருந்தது?

மரம் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது, அந்த வளவிலேயே குடும்பமாக ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்குவோம் என்றாள். குகன் கூடாரமும் புதிய கைக்கோடரி ஒன்றும் வாங்கிவந்தான். போய் இறங்கியதும் பேரப்பிள்ளைகள் கடலுக்கு ஓடினார்கள். "மரத்தைப் பிறகு காட்டுறன் மாமா" என்றுவிட்டு அவளும் அவர்கள் பின்னால் போனாள்.

குகன் பற்றையைச் செதுக்கிச் சமைக்க இடம் பண்ணினான். பின்பு அயல்வீட்டுக் கிணற்றுக்குப் புறப்பட்டவன் கோடரியை என்னிடம் நீட்டினான்.

"பேனை பிடிச்ச கை அப்பா. காலில போட்டிடாதேங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆயினும் தைத்தது. கந்தோர்க் கதிரையில் கோப்புகளோடு ஆயுளைக் கழித்தவன் நான். விறகுக்கட்டை ஒன்றில் கொத்திப் பார்த்தேன். கூர் அப்படியே இறங்கியது. அதில் எத்தனை இன்பம்! பாடலில்கூட அறியாத இன்பம் என்று எழுதக் கூசுகிறது... ஆனாலும் எழுதுகிறேன்.

மழைக்கென்று கட்டிய தறப்பாள் நடுவில் தொய்ந்திருந்தது. முண்டுகொடுக்க ஒரு கம்பு வேண்டும். சற்றுத் தள்ளி, மணிக்கட்டுப் பருமனில், நேராக ஓர் இளமரம் நின்றது. அடியைச் சுற்றி யாரோ கல் அடுக்கியிருந்தார்கள். அதையும் கண்டேன்! ஏனென்று ஒருகணமும் எண்ணாமல், அந்தக் கல்லிலேயே காலை ஊன்றிக்கொண்டு வெட்டினேன்.

அதில் பூவில்லை, காயில்லை. வெறும் இலை. நான் பாடிய கொன்றைக்கு இலை இருந்ததே இல்லை!

குகன் வாளியோடு வந்தான். நல்ல நேரான கம்பு அகப்பட்டது என்று தூக்கிக் காட்டினேன். வாளியை மெல்ல நிலத்தில் வைத்தான்.

"அப்பா... இது கொன்றை."

நான் நம்பவில்லை. விளையாடுகிறான் என்றே நினைத்தேன்.

"உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

கோடரியை அவன்தான் என் விரல்களைப் பிரித்து எடுத்தான். அந்நேரம் பார்த்துத் தமயந்தி ஈரச்சேலையோடு வந்து சேர்ந்தாள். முதலில் அந்தக் கற்களைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த கோடரியை.

"ஆர் வெட்டினது?"

குகன் என் முகத்தைப் பார்த்தான். நான் பேசியிருக்க வேண்டிய கணம் அது. பேசியவன் அவன்.

"நான்தான். பாக்காமல் வெட்டிப்போட்டன்."

"நீங்களோ? இதை நட என்னோட சேர்ந்து கிடங்கு கிண்டின நீங்களோ?"

அவள் அழவில்லை. அந்தக் கற்களின் நடுவே குந்தினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டீங்கள், என்ன மாமா?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

ஓம் என்றேன்! மரத்தை அறியாமல் வெட்டினேன் என்று உங்களிடம் வாதாடலாம். இந்தச் சொல்லை அறிந்தல்லவா சொன்னேன்?

அன்று தொட்டு அவள் தன் கணவனோடு பிள்ளைகளின் காரியம் தவிர வேறு கதைப்பதில்லை. தனக்கு அருமையானது எதுவும் அவனுக்குப் பொருட்டில்லை என்று முடிவுகட்டிவிட்டாள். தகப்பனின் படத்துக்கு விளக்கேற்ற அவனை விடுவதில்லை. என்னை அழைக்கிறாள்... என்னை!

சென்ற திவசத்தன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று துணிந்தேன். முதலில் குகனிடம் போனேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, துருவலை நிறுத்தாமலே பதில் சொன்னான்.

"இப்ப சொல்லாதேங்கோ அப்பா. என்னில கோவம், அது எனக்குப் பழகிப்போச்சு. உங்களையாவது அவ நம்பட்டும்."

மகனே, உன் வாழ்வல்லவா பாழாகிறது என்று நான் கதறியிருக்க வேண்டாமா? அப்போது என் நெஞ்சில் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி! அது இத்தனை இனிதாக வந்ததை எண்ணித்தான் இன்றுவரை திகைக்கிறேன். எழுபது வயதுவரை இறைவனைப் பாடிய நெஞ்சுக்குள் இது எங்கே குடியிருந்தது?

தமயந்தி நேரமாகிறதென்று கூப்பிட்டாள். போனேன். விளக்கை ஏற்றினேன். பதிகம் ஒன்று பாடச் சொன்னாள், பாடினேன்.

குசினியில் துருவும் சத்தம் நின்றிருந்தது. அவள் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.