படகில் அக்கினி மூலை

செட்டியார்பட்டியில் பாதி வீடுகளில் மெயின் பெட்டிக் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது, எந்த ஃபியூஸ் எதற்கு என்று ஸ்கேல் வைத்துப் போட்ட படம். கீழே ஒரு பெயர்: வ. இசக்கிமுத்து. பக்கத்தில் தேதி, வயர்மேன் லைசென்ஸ் எண்.

"கீழ எதுக்குண்ணே பேரு? கல்வெட்டா?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.

"தப்பு நடந்தா யாரைப் பிடிக்கணும்னு தெரியணும்லா" என்பார் அவர்.

சொன்னபடியே ஒருநாள் பிடித்தார்கள்.

இசக்கிமுத்து தறி ஓட்டியவரின் மகன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் பதினோரு வருடம் வயரிங் வேலை பார்த்தார். பிறகு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். மில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து வீட்டு வயரிங். ஐம்பத்தாறு வயதில் அவரிடம் இருந்தது அந்த லைசென்ஸ் ஒன்றுதான். அது இருந்தால் சொந்தப் பெயரில் வேலை எடுக்கலாம். இல்லாவிட்டால் இன்னொருவர் பெயரில் கூலிக்குச் சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கலாம்.

அய்யனார் கோவில் போகிற வழியில் மலையடிவாரத் தோப்பில் மில் முதலாளி மகன் விக்னேஷ்வரன் ஒரு விடுதி கட்டினார். பெரிய குளம் வெட்டினார். குளத்தில் மிதக்கவிடக் கொச்சியிலிருந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை லாரியில் கொண்டுவந்தார். பதினெட்டு அடி. பாய்மரம் விருந்தாளிகள் போட்டோ எடுக்க; ஓட்டுவதற்குப் பின்னால் ஒரு சின்ன பெட்ரோல் மோட்டார். படகு வயரிங் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார்.

பழைய வயரின் உறை கையில் பொடிந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. யாரோ வீட்டுக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வயரை இழுத்திருந்தார்கள். படகின் ஆட்டத்தில் அது முறிந்துபோகும். இசக்கிமுத்து எல்லாவற்றையும் உருவிப் போட்டார். ஈயம் பூசிய பல இழை வயர் வாங்கினார். விளக்குகளுக்கு ஒரு லைன், பாய்மர உச்சி விளக்குக்கு ஒன்று, அடியில் ஊறும் தண்ணீரைத் தானாக இறைக்கிற பம்புக்கு ஒன்று. ஒவ்வொரு நுனியிலும் ஓர் எண். பேட்டரியைப் படகின் நடுவில் தாழ்வாக ஒரு பெட்டியில் வைத்து வாரால் கட்டினார். அதை ஒட்டியே மெயின் ஃபியூஸ். பெட்ரோல் டேங்க் பின்னால் வலது மூலையில், ஏழடி தள்ளி இருந்தது. வேலை ஒன்பது நாள் பிடித்தது.

கடைசியில் சுவிட்ச் பெட்டிக் கதவில் படத்தை ஒட்டினார். விக்னேஷ்வரன், "அண்ணாச்சி, இன்ஜினியர் தோத்தான்" என்று சொல்லி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாஸ்து பார்க்கிறவர் காரில் வந்தார். மில், விடுதி, மாட்டுத் தொழுவம் வரை அவர் சொன்னபடிதான் கட்டியிருந்தது. படகு கொட்டகைக்குள் வடக்குப் பார்த்து நின்றது. அதன்மேல் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார்.

"பேட்டரின்னா நெருப்பு. அது நடுவுல இருக்கப்படாது. அக்கினி மூலைக்கு மாத்துங்க."

தென்கிழக்கு என்று அவர் விரல் நீட்டிய இடத்தில் பெட்ரோல் டேங்க் இருந்தது.

"அது பெட்ரோலுங்க" என்றார் இசக்கிமுத்து.

"அதுவும் நெருப்புதானே? சேந்தே இருக்கட்டும்."

"ஐயா, ஒரு சந்தேகம். படகு தண்ணில திரும்பும்லா. திரும்பினா அக்கினி மூலை எங்க போவும்?"

"கட்டின இடத்துல நின்ன திசைதான் கணக்கு."

"கட்டினது கொச்சியில. அங்க எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுன்னு படகுகிட்டதான் கேக்கணும்."

பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் வேல்பாண்டி. விடுதிக்குக் காவலும் அவர்தான், படகை ஓட்டப்போகிறவரும் அவர்தான். விக்னேஷ்வரன் சிரிக்கவில்லை.

"ஒங்க வேலை முடிஞ்சுதுல்லா அண்ணாச்சி? கெளம்புங்க. பொறவு பாத்துக்கிடலாம்."

"எங் கையால மாத்த மாட்டேன் தம்பி. நீங்க மாத்தினா அந்தத் தாளைக் கிழிச்சிருங்க. எம்பேரு அதுல இருக்கக் கூடாது."

மறுநாள் மாற்றினார்கள். தாளைக் கிழிக்கவில்லை. வயர் எட்டாததால் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, கிடைத்த வயரை முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றினார்கள்.

ஆனி மாதம், மூன்றாவது ஞாயிறு. விருந்தாளிகள் ஏறுவதற்கு முன் வேல்பாண்டி பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். அடியில் தண்ணீர் ஊறிப் பம்பு தானாக ஓடத் தொடங்கியது. முறுக்கிய இடத்தில் பொறி பறந்து பெட்ரோல் பற்றிக்கொண்டது. வேல்பாண்டி குளத்தில் குதித்தார். வலது கை முழங்கை வரை வெந்துபோனது. பாயும் பாதிப் படகும் எரிந்தன. அந்த நேரம் காற்றுக்குப் படகு மேற்குப் பார்த்துத் திரும்பி நின்றது. வாஸ்துக் கணக்கில் தீப்பிடித்த இடம் வடகிழக்கு, தண்ணீருக்கு உரிய ஈசான மூலை.

அதைப் பற்றி அந்த வாஸ்துக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. விசாரணைக்கு அவரை அழைக்கவே இல்லை. இந்த நாட்டில் ஒரு பல்பு மாட்டுகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும். பேட்டரியைப் பெட்ரோல் பக்கத்தில் வை என்று உத்தரவு போடுகிறவனுக்கு ஒரு திசைகாட்டி போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் விசாரணை. மேஜைமேல் பாலிதீன் உறைக்குள் சுவிட்ச் பெட்டிக் கதவு கிடந்தது. தாளின் மேல்பாதி, பேட்டரி இருக்கும் இடத்தைக் காட்டிய பாதி, கருகியிருந்தது. கீழே பெயரும் லைசென்ஸ் எண்ணும் அப்படியே இருந்தன.

"ஒங்க கையெழுத்துதான?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். ஆனா பேட்டரிய மாத்திட்டாவ. முழுப் படம் மொதலாளி போன்ல இருக்கு."

"அந்த போன் தண்ணில விழுந்துட்டு சார்" என்றார் விக்னேஷ்வரன்.

வேல்பாண்டியைக் கேட்டார்கள். பேட்டரியைத் தூக்கி மூலையில் வைத்த இரண்டு பேரில் அவர் ஒருவர். கையில் கட்டு இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முதலாளியுடையது, வேலையும் முதலாளி கொடுத்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் எதையும் பாக்கல சார்" என்றார்.

லைசென்ஸ் ரத்தானது. நல்ல காரியத்தில் ஏளனம் பேசினதால் வந்த வினை என்று வாஸ்துக்காரர் சொன்னதாக ஊரில் பேச்சு. செட்டியார்பட்டியில் சிலர் தங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டார்கள். இசக்கிமுத்து இழுத்த வயரை யாரும் பிடுங்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் காலை இசக்கிமுத்து வீட்டு வாசலில் வேல்பாண்டி வந்து நின்றார். இசக்கிமுத்துவின் மனைவி சண்முகத்தாய் வழியை மறித்தாள்.

"என்ன, இன்னைக்காவது கண்ணு தெரியுதா?"

"உள்ள விடு" என்றார் இசக்கிமுத்து.

வேல்பாண்டி உட்காரவில்லை. "மொதலாளி வேற படகு வாங்கிட்டாவ அண்ணாச்சி. வயரிங்குக்கு ஒரு பயலைப் பிடிச்சிருக்காவ. அவனுக்குப் படம் புரியல. பேட்டரி இந்தத் தடவை நடுவுலதான். தண்ணில திசை மாறிக்கிட்டே இருக்குமாம், நடு மட்டும் மாறாதாம்."

"யாரு சொன்னா?"

"வாஸ்துக்காரர்தான்."

சண்முகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். வேல்பாண்டி போனை நீட்டினார். திரையில் இசக்கிமுத்து போட்ட படம். பேட்டரி நடுவில், பக்கத்தில் ஃபியூஸ், ஏழடி தள்ளி டேங்க். எல்லாம் தெளிவாக இருந்தது. கீழ்விளிம்பு மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

"தண்ணில விழுந்த போன் நல்லா நீந்தியிருக்கு" என்றார் இசக்கிமுத்து. "முழுப் படம் இருக்கா?"

"எனக்கு இம்புட்டுத்தான் அனுப்புனாவ."

"அந்த ஆபீஸ்ல வந்து சொல்வியா? இப்பிடி ஒரு படம் இருக்குன்னு?"

வேல்பாண்டி தன் கையைப் பார்த்தார். தோல் சுருங்கி இளஞ்சிவப்பாக இருந்தது. "ரெண்டு பொட்டப்புள்ளைய படிக்குது அண்ணாச்சி."

"பொறவு எதுக்குலே வந்த?"

"படகை நாந்தான ஓட்டணும்."

இசக்கிமுத்து எழுந்துபோய் ஸ்கேலையும் தாளையும் எடுத்து வந்தார்.

"கூறு இருக்கா ஒங்களுக்கு?" என்றாள் சண்முகத்தாய்.

"அவன் வெந்தா எனக்கு லைசென்ஸ் திரும்பி வருமா?"

புதிதாகப் பெரிதாகப் படம் போட்டார். ஃபியூஸை எங்கே வைப்பது, எந்த வயரை முறுக்கவே கூடாது என்று பேனா நுனியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். வேல்பாண்டி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். கடைசியில் இசக்கிமுத்து கீழே தன் பெயரை எழுதினார். தேதி போட்டார். எண் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. மூடிவிட்டார்.

வேல்பாண்டி தாளை வாங்கிக் கும்பிட்டார். வாசலைத் தாண்டியதும் நின்று, தாளின் கீழ்ப்பகுதியைப் பின்பக்கமாக மடித்தார். பெயர் மறைந்தது. வெந்த கையின் கட்டைவிரலால் மடிப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.